வேலிக்கு எந்த மரம் நல்லது?



போன கிழமை ரொறன்ரோவில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் வட்சப்பில் ஒரு படம் அனுப்பினார். வீட்டின் பின்வளவு பலகை வேலி, ஒரு காற்றோடு அயல்வீட்டுப் பக்கம் சரிந்து கிடக்கிறது. "ரீச்சர், போட்டு எட்டு வருசம்தான். பலகை எல்லாம் புதுசு போலத்தான் இருக்கு, தூண்கள் மட்டும் முறிஞ்சு போச்சு. உங்கட காலத்தில வேலிக்கு என்ன மரம் பாவிச்சனீங்கள்?" என்று கேட்டிருந்தார். பகிடியாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி வந்த நேரம், எங்கள் சொந்த வளவு வேலி பற்றி நானே ஒரு முடிவு எடுக்க வேண்டிய நேரம். அதனால் பதில் நீண்டுவிட்டது. வட்சப்பில் அடங்காது, இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படத்தைப் பற்றி. தூண் எங்கே முறிந்திருக்கிறது என்று பாருங்கள். நிலமட்டத்தில். மேலே ஆறடி மரம் நன்றாக இருக்கிறது. கீழே மண்ணுக்குள் ஆழத்தில் இருந்த துண்டும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இடையில் ஒரு சாண் அளவுதான் உக்கியிருக்கிறது. மரத்தை உக்க வைக்கும் பூஞ்சணத்துக்கு ஈரமும் காற்றும் இரண்டும் வேண்டும். மேலே காற்று இருக்கிறது, ஈரம் காய்ந்துவிடுகிறது. ஆழத்தில் ஈரம் இருக்கிறது, காற்று போதாது. நிலமட்டத்தில்தான் இரண்டும் எப்போதும் சேர்ந்து இருக்கின்றன. எங்கள் ஊரில் இதோடு கறையானும் சேர்ந்துவிடும். ஆகவே வேலிக்கு மரம் தெரிவதென்றால் அந்த ஒரு சாணுக்கு மரம் தெரிவதுதான்.

எங்கள் முன்னோர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். மரத்தைப் பற்றிப் பேசுவதற்கு அவர்களிடம் சரியான சொற்கள் இருந்தன: உள்ளே கடினப்பட்ட பகுதி வைரம், அதைச் சுற்றியிருக்கும் மென்மையான பகுதி வெளிறு. தொல்காப்பிய மரபியலில் இதைவிடப் பழைய சொல் ஒன்று உண்டு, காழ். வெளிப்புறத்தில் காழ் உள்ளவை புல், உட்புறத்தில் காழ் உள்ளவை மரம் என்று அங்கே பிரிக்கப்பட்டிருக்கிறது. என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், வகுப்பில் இதைச் சொன்னால் "அப்ப பனை புல்லா ரீச்சர்?" என்று சிரிப்பீர்கள். புல்தான். இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லோடு ஒருவித்திலைத் தாவரங்களில்தான் வைக்கிறது. இதைத் தச்சர்மார் ஏடு பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை, கோடரி பிடித்தே தெரிந்துகொண்டார்கள். பாலையையோ முதிரையையோ வேலித்தூணாக இறக்கும்போது வெளிறைச் செதுக்கி எறிந்துவிட்டு உள்வைரத்தை நடவேண்டும். பனையில் நேர்மாறு. உள்ளே இருக்கும் சோற்றியை எடுத்து எறிந்துவிட்டு வெளிப்புறக் கறுத்த வைரத்தைச் சிலாகையாகப் பிளந்து பாவிக்க வேண்டும். அதிலும் வயது முதிர்ந்த பனையாக இருக்க வேண்டும். ஆண்பனையைவிடப் பெண்பனை வைரம் என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் கணக்கு.

யாழ்ப்பாணத்துப் பனைமரம் ஒல்லாந்தர் காலத்திலேயே கப்பலேறிப் போன சரக்கு. ஆங்கிலேயர் காலத்தில் வில்லியம் பெர்குசன் என்பவர் 1850இல் பனையைப் பற்றி மட்டும் ஒரு தனிப்புத்தகமே எழுதினார். இவ்வளவு நல்ல மரம் வாசலில் நின்றபோதும், வீட்டைச் சுற்றி அடைக்கும் வேலிக்கு எங்கள் ஆட்கள் பனஞ்சிலாகையைத் தூணாக நடுவது அபூர்வம். அது வீட்டு முகட்டுக்கும் கிணற்றுத் துலாவுக்கும் போகும். பாலையும் முதிரையும் வன்னிக் காட்டிலிருந்து வண்டிலில் வரவேண்டும், விலை கூட. வேலிக்கு அவர்கள் தெரிந்தது வேறு. உயிரோடு இருக்கும் மரம்.

அதுதான் கதியால். வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: பூவரசு, கிளுவை, முள்முருக்கு, ஒதி போன்ற மரங்களின் கொப்பை ஆள் உயரத்துக்கு மேல் வெட்டி, நேராக நிலத்தில் நட்டால் அது வேர்விட்டுத் துளிர்க்கும். அப்படி வரிசையாக நட்ட தடிகள்தான் வேலிக்குத் தூண். செத்த மரம் நிலமட்டத்தில் உக்கும். உயிருள்ள மரம் அதே இடத்தில் வருடத்துக்கு வருடம் மொத்திக்கும். ரொறன்ரோத் தூண் எட்டு வருடத்தில் முறிந்த அதே ஒரு சாணில், பூவரசு எட்டு வருடத்தில் தொடை மொத்தம் வந்துவிடும்.

கதியால் தெரிவதிலும் ஒரு முறை இருந்தது. எங்கள் ஐயா மாரிக்கு முன்னமே கொப்புகளைப் பார்த்து வைப்பார். மணிக்கட்டு மொத்தம் வேண்டும். பச்சைத்தோல் இளங்கொப்பு அழுகிவிடும், தோல் வெடித்த கிழட்டுக்கொப்பு துளிர்க்காது. அடிப்பக்கம் சரிவாகச் சீவி, மேல்வெட்டில் சாணி அப்பி வைப்பார், வெயிலில் ஈரம் போகாமல். அடிநுனி மாறக்கூடாது. ஒருமுறை நான் உதவி செய்கிறேன் என்று நாலு தடியைத் தலைகீழாக நட்டுவிட்டேன். நாலும் பட்டுப்போனது. அது பற்றி ஐயா சாகும்வரை சொல்லிச் சிரித்தார்.

ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குணம். கிளுவை முள்ளோடு இருக்கும், ஆடுமாடு நெருங்காது, ஆனால் மெல்ல வளரும். முள்முருக்கு சுறுக்காக வளரும், வைரம் இல்லை. முருங்கை நடுபவர்கள் காய்க்கு ஆசைப்பட்டு நடுகிறார்கள், வேலிக்கு அல்ல. ஒரு காற்றுக்கே முறியும். சீமைக்கிளுவை நம்முடைய மரமே அல்ல, பெயரிலேயே சீமை இருக்கிறது. நடு அமெரிக்காவிலிருந்து தோட்டப்பயிர்களுக்கு நிழலாக வந்து, நட்ட இடமெல்லாம் பிடித்துக்கொண்டது. பூவரசுதான் எல்லாவற்றிலும் மேல் என்பது என் எண்ணம். வேரும் பிடிக்கும், வைரமும் ஏறும். இலை ஆட்டுக்கும் தோட்டத்துப் பசளைக்கும் ஆகும். அவசரத்துக்கு அவிக்கிற பிட்டையும் அதன் இலையில் வைக்கலாம்.

கதியால் எலும்பு என்றால் கிடுகு தோல். தென்னோலையை நடுவில் கிழித்து, தண்ணீரில் ஊறவைத்துப் பின்னி எடுப்பது கிடுகு. கதியாலின் குறுக்கே வரிச்சுத்தடி கட்டி, கிடுகை அதில் சார்த்தி, குத்தூசியால் தைத்துக் கட்டுவார்கள். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. உள்ளிருந்து குத்துபவர் "விடு" என்பார், வெளியிலிருப்பவர் நாரைக் கோத்து விடுவார். சில வீடுகளில் மிதித்துப் பதப்படுத்திய பனையோலையால் அடைப்பார்கள். கிடுகு ஒன்றிரண்டு வருடம் தாங்கும், பனையோலை அதைவிடக் கொஞ்சம் கூட. கழற்றிய பழைய ஓலை குப்பைக்குப் போகாது. தோட்டத்தில் தாழ்த்தினால் பசளை. புகையிலைத் தோட்டக்காரர் அதைக் காசு கொடுத்தும் வாங்குவார்கள். வேலியில் நிலைக்க வேண்டியது எது, மாற்ற வேண்டியது எது என்று பிரித்து வைத்திருந்தார்கள். தூண் தலைமுறைக்கு, மறைப்பு வருடத்துக்கு. கனடாப் பலகை வேலியில் அது தலைகீழ்: மறைப்பு இன்னும் நன்றாக இருக்கிறது, தூண் போய்விட்டது.

இதை எழுதும்போது வேலியைக் கோயில் ஆக்கிவிடக் கூடாது என்று எனக்கே ஒரு பயம் வருகிறது. அந்த வேலி எதை மறைத்தது? பெரும்பாலும் எங்களை, பெண்பிள்ளைகளை. நான் பெரியபிள்ளை ஆன வருடம் ஒழுங்கைப் பக்க வேலிக்கு மேலே இன்னொரு அடுக்குக் கிடுகு ஏறியது. அதுவரை தெருவில் போகும் சைக்கிள்காரரின் தலை தெரியும், அதன்பிறகு மணிச்சத்தம் மட்டும்தான். இன்னொன்றையும் எழுதாமல் விட்டால் சரித்திரம் ஆகாது. அந்த வேலியை வெயிலில் நின்று அடைத்துத் தந்தவர்களுக்கு, அதே வேலிக்கு வெளியே வைத்துச் சிரட்டையில் தண்ணீர் வார்த்த காலம் அது. நானே கண்டிருக்கிறேன். சிறு பிள்ளையாக அந்தச் சிரட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தும் இருக்கிறேன். அன்று அதில் பிழை இருக்கிறதென்று எனக்குத் தோன்றவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

வேலிச்சண்டை பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கதியால் பட்டுப்போனால் புதிதாக நடும்போது ஒரு விரல் தள்ளி நடுவது, அடுத்த வருடம் இன்னொரு விரல். ஒரு பூவரசங்கொப்புக்காகப் பத்து வருடம் கோட்டுக்குப் போய்வந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். வழக்குச்செலவுக்கு அந்தக் காணியையே இரண்டு தரம் வாங்கியிருக்கலாம்.

ஆனால் அதே வேலியில் பொட்டும் இருந்தது. நாய் புகுந்து, கோழி புகுந்து, பிறகு மனிதர் புகுகிற அளவுக்கு வந்த ஓட்டை. எங்கள் கிழக்கு வேலியில் அம்மாவும் கிழக்கு வளவு மாமியும் சீனி, தேயிலை, கறி, ஊர்ப்புதினம் எல்லாம் பரிமாறியது அந்தப் பொட்டால்தான். ஐயா ஒவ்வொரு வருடமும் வேலி அடைக்கும்போது பொட்டையும் சேர்த்து அடைப்பார். மாமி ஒரு கிழமைக்குள் திறந்துவிடுவா. 1987 ஒக்ரோபரில் ஒழுங்கையில் தலைகாட்ட முடியாதபோது நாங்கள் வளவுக்கு வளவு பொட்டாலேயே நகர்ந்து கோயிலடிக்குப் போனோம். அதன்பிறகு ஐயா அதை அடைக்கவில்லை.

1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து வெளிக்கிட்டோம். இரண்டு நாளில் திரும்பலாம் என்று கோழிக்குத் தண்ணீர் வைத்துவிட்டுப் போனவர்கள் நாங்கள். திரும்ப 26 வருடம் ஆனது.

அந்த வருடங்களில் மரங்களுக்கு நடந்ததும் ஒரு சரித்திரம்தான். தூணாக நடத் தயங்கிய பனைகள் ஆயிரக்கணக்கில் தறிக்கப்பட்டுப் பனங்குற்றிகளாகப் பங்கர்களுக்குப் போயின. இரு தரப்பும் தறித்தார்கள். பனையின் வெளிவைரம் எவ்வளவு பலம் என்று தொல்காப்பியம் படிக்காத பொடியன்களுக்கும் அப்போது தெரிந்தது. ரயில் நின்றபின் சிலிப்பர்க் கட்டைகளும் தண்டவாளமும் அதே வழியில் போயின. இடம்பெயர்ந்து இருந்த இடங்களில் கிடுகுக்குப் பதில் தகரம் வந்தது. தகரத்துக்குக் கதியால் தேவையில்லை, எந்தத் தடியும் போதும், நாளைக்குக் கழற்றிக்கொண்டு போகவேண்டும் அல்லவா.

2016இல் எங்கள் காணி விடுபட்டபோது போய்ப் பார்த்தோம். வீடு இல்லை. அத்திவாரமும் இல்லை, புல்டோசர் போட்டு மட்டப்படுத்தியிருந்தது. கிணறு தூர்ந்து கிடந்தது. சுற்றிவரப் பற்றைக்காடு. உறுதியில் கிழக்கு எல்லை இன்னாருடைய காணி, மேற்கு எல்லை இன்னாருடைய காணி என்று எழுதியிருக்கிறது. அந்த இன்னார் எல்லோரும் பிரான்சிலும் நோர்வேயிலும் இருக்கிறார்கள், அல்லது இல்லை. அண்ணாவும் நானும் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் நின்றோம். ஊரில் பிறந்து வளர்ந்து, முப்பது வயதுவரை நடந்த நிலத்தில்.

பற்றையை வெட்டிக்கொண்டு போன பொடியன்தான் முதலில் கண்டான். "ரீச்சர், இங்க பூவரசு வரிசையா நிக்குது." காட்டில் மரம் வரிசையாக முளைக்காது. வெட்ட ஆள் இல்லாமல் 26 வருடம் வளர்ந்து, பெருமரங்களாக, ஒன்றரை இரண்டு முழ இடைவெளியில் பதினொரு மரம். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் இடைவெளி கூட. அது பொட்டு இருந்த இடம்.

அங்கிருந்து அளந்துதான் கிணற்றைக் கண்டுபிடித்தோம், கிணற்றிலிருந்து குசினியை. கல்வீடு நிற்கவில்லை, சீமெந்துத் தூண் நிற்கவில்லை. ஐயா சாணி அப்பி நட்ட தடி நின்றது.

சரி, ரொறன்ரோக்காரருக்குப் பதில் சொல்லாமல் எங்கேயோ போய்விட்டேன். உங்கள் குளிரில் பூவரசு நிற்காது, கதியால் யோசனை சரிவராது. செத்த மரத்தைத்தான் உக்காமல் காக்க வேண்டும். அதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1838இல் இங்கிலாந்தில் ஜோன் பெதல் என்பவர் மரத்தை இரும்பு உருளைக்குள் வைத்து, காற்றை உறிஞ்சி, கிரியோசோட் எண்ணெயை அமுக்கத்தால் உள்ளே செலுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ரயில்பாதைக் கட்டைகளும் தந்திக்கம்பங்களும் அதனால் நின்றன. ஆனால் அது நாறும், கையில் ஒட்டும், வீட்டு வேலிக்கு ஆகாது. வீட்டு வேலிக்கு வழி திறந்தவர் ஒரு இந்தியர் என்பது பலருக்குத் தெரியாது. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்த சொந்தி காமேசன், 1933இல், செம்பு, குரோமியம், ஆசனிக் மூன்றும் சேர்ந்த ஒரு கரைசலைக் கண்டுபிடித்தார். செம்பு பூஞ்சணத்தைத் தடுக்கும், ஆசனிக் பூச்சியையும் கறையானையும் கொல்லும், குரோமியம் இரண்டையும் மழையில் கழுவுப்படாமல் மரத்தோடு பிணைக்கும். வட அமெரிக்காவின் பின்வளவுகளில் பிறகு நின்ற பச்சைநிற வேலிகள் பெரும்பாலும் இந்த மருந்து ஏறியவை. குழந்தைகள் விளையாடும் இடத்தில் ஆசனிக் இருக்கலாமா என்ற கேள்வி எழுந்து, 2003 முடிவோடு அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டுப் பாவனைக்கான மரத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆசனிக் இல்லாத செம்பு மருந்துகள்.

ஆகவே, மகன், கடையில் மரம் வாங்கும்போது இதைப் பார். சிவப்பு சீடர் என்றால் அதன் வைரப்பகுதிக்குத்தான் இயற்கையான காப்பு உண்டு. வெள்ளையாக இருக்கும் வெளிறு சாதாரண மரம் போலவே உக்கும். பெயரைக் கேட்டு வாங்காதே, நிறத்தைப் பார். மருந்தேற்றிய மரம் என்றால் எல்லாம் ஒன்றல்ல. நிலத்துக்கு மேலே பாவிக்கிற தரம் வேறு, மண்ணோடு படுகிற தரம் வேறு. சிட்டையில் போட்டிருக்கும். தூணுக்கு மண்ணோடு படுகிற தரம் கட்டாயம். கனடா மரத்தில் மேலே சின்னச் சின்னக் கீறல்கள் இருக்கும், அது பழுது அல்ல. மருந்து உள்ளே இறங்காத சாதி மரம் என்பதால் கீறி இறக்குகிறார்கள். மருந்து தோலளவுதான் இறங்கியிருக்கும். அதனால் தூணை அரிந்தால், அரிந்த முகத்தை மண்ணுக்குள் வைக்காதே, அதற்கும் மருந்து பூசு. தூணின் அடியில் சல்லி போடு, தண்ணீர் இறங்கட்டும். கொங்கிறீற்றின் மேல்முகம் தூணிலிருந்து வெளிப்பக்கம் சரிவாக இருக்கட்டும், கிண்ணம்போல் தண்ணீர் தேங்கக் கூடாது. உன்னுடைய படத்தில் தூணடியில் தேங்கித்தான் இருக்கிறது. குழி உறைபனி இறங்கும் ஆழத்துக்குக் கீழே போகவேண்டும், உங்கள் பக்கம் நாலடி என்று மருமகன் சொன்னார். பலகைக்குக் காசைக் குறைத்துத் தூணுக்குக் கூட்டு.

என் வேலிக் கதை இன்னும் முடியவில்லை. கிழக்கு வளவு மாமியின் மகன் பிரான்சிலிருந்து கதைத்தார். காணியைத் துப்புரவாக்கி வீடு கட்டப்போகிறார், எல்லையில் மதில் எழுப்ப வேண்டும், பூவரசுகள் அத்திவாரத்துக்கு இடைஞ்சல், தறிக்க உங்கள் சம்மதம் வேண்டும் என்கிறார். மரியாதையாகத்தான் கேட்டார். "அக்கா, அந்த மரங்களுக்கு நல்ல விலையும் வரும், பாதி உங்களுக்கு" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கிடுகு பின்ன ஆள் இல்லை, வருடாவருடம் வேலி அடைக்க அவரும் வரமாட்டார், நானும் ஏலாதவள். பார்க்க வந்த தச்சர் அடியில் கொத்திப் பார்த்துவிட்டு, நல்ல வைரம், கதவுநிலைக்கு ஆகும் என்றார்.

நான் ஒன்று கேட்டிருக்கிறேன். மதிலை உங்கள் பக்கம் இரண்டடி தள்ளிக் கட்டுங்கள், அந்த இரண்டடியும் உங்களுடையதுதான் என்று நான் எழுதிக் கையெழுத்து வைத்துத் தருகிறேன், மரங்கள் நிற்கட்டும் என்று. இன்றைய காணி விலையில் இரண்டடி என்பது சின்னக் காரியம் அல்ல என்பது எனக்குத் தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்றார். பொட்டு இருந்த இடத்தில் ஒரு சின்னப் படலை வைக்கலாமா என்று அவரே கேட்டார். அவருக்கும் அது நினைவில் இருக்கிறது.

வருகிற புதன்கிழமை நில அளவையாளர் வருகிறார். முதல் கல்லைப் பதினோராவது பூவரசடியில் போடச் சொல்லியிருக்கிறேன்.